பரீட்சையில் கட்லெட்

எங்கள் அறக்கட்டளையின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு கோகுல் வீட்டுக்கு வந்தான். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த அலுவலகத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் அவன். நல்ல பையன்தான். காபியைக் குடித்துவிட்டு, "ரெண்டு பக்கம் போதுங்க மேடம். இனிமையான நினைவுகளா எழுதிக் குடுங்க. சண்டை சச்சரவெல்லாம் வேண்டாங்க," என்றான். செருப்பை மாட்டிக்கொண்டே, "இப்பெல்லாம் ஸ்பானிஷ் லெட்டர் வந்தா கம்ப்யூட்டர்ல போட்டவுடனே இங்கிலீஷ் வந்துருதுங்க. நீங்க எப்படித்தான் ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் பூரா மல்லுக்கட்டுனீங்களோ!" என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

பாராட்டாகத்தான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. என் வேலைக்காலத்தில் எனக்கு நினைவில் நிற்பவையெல்லாம் சண்டைகள்தான். சண்டை வேண்டாமென்றால் அவன் வேறு ஆளைப் பார்த்திருக்க வேண்டும்.

நான் ஸ்பானிய மொழி கற்றது எந்தக் கல்லூரியிலும் இல்லை. பதினெட்டு வயதில் கன்னியர் மடத்தில் சேர்ந்தேன். மடம் என்னை ஸ்பெயினுக்கு அனுப்பியது. அங்கே ஒரு பெண்கள் விடுதிப் பள்ளியில் படுக்கை விரிப்புத் துவைப்பதும், வாலுப் பெண்களைத் தூங்க வைப்பதும் என் வேலை. அந்தப் பெண்கள் வாத்தியாரைத் திட்டியும், பரீட்சைக்கு அழுதும், வகுப்புக்கு மட்டம் போட்டும் பேசிய பேச்சுதான் என் ஸ்பானியம். துறவுக்கான இறுதி வார்த்தைப்பாடு கொடுப்பதற்கு முன் மடத்தை விட்டு வெளியே வந்துவிட்டேன். காரணத்தை இங்கே சொல்லப் போவதில்லை. தொண்ணூற்றேழில் சேந்தமங்கலத்தில் இந்த அறக்கட்டளை அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். கொல்லிமலைமேல் அரியூர் நாடு என்ற பகுதியில் இருந்த விடுதிப் பள்ளியை நடத்துவது இந்த அறக்கட்டளைதான்.

ஸ்பெயினில் ஒரு சிற்றூரின் நண்பர்கள் சங்கம் அந்தப் பள்ளிக்கு உதவி செய்தது. மலைப்பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு ஆதரவுக் குடும்பம். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் கடிதம் போடுவார்கள். அதை நான் இங்கிலீஷாக்க வேண்டும், ஏனென்றால் எங்கள் செயலாளரும் சென்னையில் இருந்த நிர்வாகக் குழுவும் கோப்புக்கு இங்கிலீஷ்தான் கேட்பார்கள். செயலாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு அதைப் பள்ளியில் யாராவது ஒரு ஆசிரியர் தமிழாக்கிப் பிள்ளைகளுக்கு வாசிப்பார். இதுதான் நடைமுறை.

எனக்கு முன்னால் இந்த வேலையை அகராதியை வைத்துக்கொண்டு ஒருவர் பார்த்திருக்கிறார். ஸ்பெயினில் ஒரு சிறுமி, 'கணக்கில் எனக்குப் பூசணிக்காய் கொடுத்துவிட்டார்கள்' என்று எழுதியிருக்கிறாள். அந்த ஊரில் ஃபெயிலாவதை அப்படித்தான் சொல்வார்கள். மனிதர் பூசணிக்காய் என்றே இங்கிலீஷில் எழுதி அனுப்பிவிட்டார். மலையில் அதைக் கேட்ட பையன், 'எங்கள் காட்டிலும் பூசணி உண்டு. உங்கள் பள்ளியில் கணக்குக்கு மட்டும்தான் தருகிறார்களா?' என்று பதில் எழுதி, ஒரு கை விதையையும் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டான். ஃபெயிலாகி அழுதுகொண்டிருந்த பெண்ணுக்குக் கொல்லிமலையிலிருந்து பூசணி விதை போய்ச் சேர்ந்தது. அவள் அப்பா கோபமாகக் கடிதம் போட்ட பிறகுதான் மொழி தெரிந்த ஆளைத் தேடியிருக்கிறார்கள்.

நான் எப்படி வேலை செய்தேன் என்று கோகுலுக்காகச் சொல்கிறேன். முதல் தடவை பேனாவைத் தொடாமல் வாசிப்பேன். எழுதியது யார், யாரிடம் சொல்கிறார், சிரித்துக்கொண்டு சொல்கிறாரா அழுதுகொண்டா என்று பார்ப்பேன். அடுத்து, இதே சங்கதியை அரியூர் நாட்டுப் பிள்ளை ஒன்று தன் கூட்டாளியிடம் எப்படிச் சொல்லும் என்று யோசிப்பேன். அது கிடைத்துவிட்டால் இங்கிலீஷும் கிடைத்துவிடும். முழங்கையை ஊன்றுகிறான் என்று ஸ்பானியர் சொன்னால், மேசையை விட்டு எழாமல் விழுந்து விழுந்து படிக்கிறான் என்று பொருள். ஒரு வாத்தியாரை எலும்பு என்றால், ஆள் படு கறார், மார்க் சுலபத்தில் விழாது என்று பொருள். கடைசியில் இங்கிலீஷை டைப்பிஸ்டுக்கு உரக்க வாசித்துக் காட்டுவேன். அவள் எந்த இடத்திலாவது 'என்னது?' என்று நிமிர்ந்தால் அந்த வரி தேறவில்லை, மறுபடியும் முதலிலிருந்து பார்ப்பேன்.

எங்கள் செயலாளர் அருளப்பன் சாருக்கு இந்த முறை பிடிக்காது. தென் மாவட்டத்திலிருந்து வந்தவர். குரலை உயர்த்த மாட்டார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிறிய மர அளவுகோல் இருக்கும். ஸ்பானியத் தாளின் வரிக்கு அடியில் அளவுகோலை வைப்பார், என் இங்கிலீஷ் வரிக்கு அடியில் விரலை வைப்பார், வார்த்தை வார்த்தையாக எண்ணுவார். "இங்க எட்டு வார்த்தை இருக்கு. உங்க இங்கிலீஷ்ல அஞ்சுதான் இருக்கு. மீதி மூணு எங்கம்மா?" என்பார். திருப்பதி லட்டில் முந்திரி எண்ணுகிற மாதிரி இருக்கும். பிறகு 'உண்மையான மொழிபெயர்ப்பு' என்ற ரப்பர் முத்திரையை வைத்துத் தன் கையெழுத்தைப் போடுவார். என் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. ஆரம்பத்திலேயே கேட்டேன். "மொழிபெயர்ப்பாளர் கண்ணாடி மாதிரிம்மா. கண்ணாடிக்கு எதுக்குப் பேரு?" என்று சொல்லிவிட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த மனிதர் பொய் எழுத மாட்டார். உண்மையை யாருக்கும் புரியாதபடி எழுதுவதில்தான் அவருக்கு ஆட்சேபணை இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருடம் ஸ்பெயினிலிருந்து பிலார் என்ற அம்மா வந்தார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. பள்ளியைப் பார்த்து அறிக்கை எழுதச் சங்கம் அனுப்பியிருந்தது. இங்கிலீஷும் தெரியாது, தமிழும் தெரியாது. ஆனால் பள்ளிக்கூடம் என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும். விடுதியிலேயே தங்கி, பிள்ளைகளோடு களி தின்று, அரையாண்டுப் பரீட்சை நடந்தபோது ஒவ்வொரு வகுப்பிலும் பின் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்தப் பள்ளியில் ஒரு வியாதி இருந்தது. பிள்ளைகளின் மார்க் அட்டை ஸ்பெயினுக்குப் போகும். மார்க் குறைந்தால் ஆதரவுக் குடும்பம் மனம் விட்டுவிடுமோ என்று மேலிடத்துக்குப் பயம். அதனால் பரீட்சையில் ஆசிரியர்களே பிட் கொடுத்தார்கள். சிறு துண்டுத் தாளில் விடையை எழுதிப் பெஞ்சுக்கு ஒன்றாக வைத்துவிடுவார்கள். எல்லாரும் பாஸ், எல்லாருக்கும் சந்தோஷம். இதைச் செய்யாதவர் ஒரே ஒருவர், கணக்கு எடுத்த தனலட்சுமி டீச்சர். அடிவாரத்தில் விவசாயக் குடும்பம். வாரக் கடைசியில் பஸ்ஸில் இறங்கி வந்து சோளக்காட்டைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை மலையேறுகிறவர். அவர் பாடத்தில் பாதிப் பேர் ஃபெயில். அதனால் வருடக் கடைசியில் அவரை அனுப்பிவிடுவது என்று அருளப்பன் சார் முடிவு கட்டியிருந்தார். போதாக்குறைக்கு, பிள்ளைகளிடம் கடுமையாக நடக்கிறார் என்று ஒரு பேச்சையும் யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.

தனலட்சுமி ஒரு சனிக்கிழமை அலுவலகத்துக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் இறங்கவில்லை.

"ஏனுங்க ஸ்டெல்லாக்கா, வேல போனாப் போவட்டுமுங்க. எனக்குக் காடிருக்குது. ஆனா புள்ளைங்கள அடிச்சவங்கற பேரோட என்னைய அனுப்புனா நா எங்கீங்க போயி மொகத்தக் காட்டறது? ஒரு நாளு, ஒரே நாளு, ஒரு புள்ள மேல கை வெச்சிருக்கறனுங்களா?"

"வெச்சதில்ல. எனக்குத் தெரியும் கண்ணு," என்றேன்.

பிலாரின் அறிக்கை என் மேசைக்கு வந்தபோது எனக்குக் கை பரபரத்தது. அவ்வளவு நன்றாக எழுதியிருந்தார், ஆசிரியர்கள் ஓய்வறையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. அங்கே பிட்டுக்குப் பெயர் சூலேத்தா. அகராதியில் பார்த்தால் இறைச்சித் துண்டு, கட்லெட். பரீட்சையில் ஆசிரியர்களே சூலேத்தா விநியோகித்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக எழுதியிருந்தார். தனலட்சுமியைப் பற்றி ஒரு பத்தி. அவர் ஒரு எலும்பு. பாதி வகுப்புக்குப் பூசணிக்காய் கொடுக்கிறார். மீதிப் பேர் முழங்கையை ஊன்றுகிறார்கள். 'எழுத்து ரத்தத்தோடுதான் உள்ளே போகும்' என்ற பழமொழி அவர் வகுப்பில் செல்லாது. இது நம்முடைய 'அடியாத மாடு படியாது' என்பதற்கு அங்குள்ள பழமொழி. அடிக்காமலே படிக்க வைக்கிறார் என்பதைத்தான் அப்படி எழுதியிருந்தார். இந்தப் பள்ளியில் தான் பார்த்த ஒரே உண்மையான ஆசிரியை இவர்தான் என்று பத்தி முடிந்தது.

நான் நல்ல இங்கிலீஷில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். சென்னைக்காரர்கள் எந்த வார்த்தையைச் சொல்வார்களோ அந்த வார்த்தை. பிட் என்றே போட்டேன். அருளப்பன் சார் அளவுகோலை எடுத்தார். முதல் பக்கம் தாண்டவில்லை, அளவுகோல் நின்றுவிட்டது.

"பிட்டுன்னு அவங்க எங்கம்மா எழுதியிருக்காங்க? அகராதில கட்லெட்னு இருக்கே?"

"சார், அது பள்ளிக்கூடப் பேச்சு. பிட்டுன்னுதான் அர்த்தம்."

"அர்த்தம் சொல்றது நம்ம வேலையில்ல. வார்த்தையைச் சொல்றதுதான் வேலை. கட்லெட்னு போடுங்க. டீச்சர் எலும்புன்னு எழுதியிருந்தா எலும்புன்னு போடுங்க. பூசணிக்காய்னா பூசணிக்காய். ரத்தம்னா ரத்தம். நீங்களா ஒண்ணும் சேக்க வேண்டாம், ஒண்ணும் குறைக்கவும் வேண்டாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், உங்க பையன் கணக்குல முட்டை வாங்கிட்டான்னு வாத்தியார் எழுதி அனுப்புனா, நாமக்கல் பண்ணையில வாங்குனானா, கடையில வாங்குனானான்னு கேப்பீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கோபப்படாதீங்கம்மா. ஆண்டு விழாவுல இதை நீங்கதான் வாசிக்கப் போறீங்க. முதல்ல இங்கிலீஷ், அப்புறம் தமிழ். நான் குடுக்கற தாள்ல இருக்கறது இருக்கறபடி. ஒரு வார்த்தை மாறக் கூடாது."

அவர் கணக்கு எனக்குப் புரிந்துவிட்டது. சென்னையிலிருந்து விழாவுக்கு வரும் நிர்வாகக் குழுத் தலைவர், பரீட்சையின்போது ஆசிரியர்கள் கட்லெட் கொடுக்கிறார்களாம், நல்ல விஷயம் என்று தலையாட்டுவார். அறிக்கையை மறைத்ததாகவும் ஆகாது. எலும்பு, ரத்தம் என்று வருகிற பத்தியைக் கேட்டால் தனலட்சுமி அடிக்கிற ஆள் என்ற வதந்தி கல்வெட்டாகிவிடும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

"சரிங்க சார். நீங்க சொல்றபடியே டைப் அடிச்சுத் தர்றேன். வழக்கம்போல முத்திரை வெச்சுக் கையெழுத்தும் நீங்களே போட்டுருங்க," என்றேன். தயங்காமல் போட்டார். வார்த்தைக்கு வார்த்தை சரியாக இருந்ததல்லவா, மனிதருக்கு மனசாட்சி உறுத்தவில்லை.

பிலாரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்று சிலர் பிற்பாடு கேட்டார்கள். சொல்லியிருக்கலாம். சொன்னால் செயலாளர் அறையில் ஒரு வாக்குவாதம் நடந்து, அறிக்கை 'பரிசீலனையில்' போயிருக்கும். எனக்கு மேடை வேண்டியிருந்தது. மலையின் ஊர்க்கூட்டங்களில் நான் போய் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே ஒரு பழக்கம் உண்டு. கூட்டத்தில் யாரைப் பற்றியாவது ஒரு சங்கதி சொன்னால், சம்பந்தப்பட்ட ஆள் எழுந்து ஆமென்றோ இல்லையென்றோ சொல்லியாக வேண்டும். கேட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். மலைக்குக் கீழே நடக்கும் ஆண்டு விழாக்களில் அறிக்கை வாசிக்கும்போது எல்லாரும் மிக்சர் தின்பார்கள். மலைக்காரர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள். அருளப்பன் சார் இத்தனை வருடம் இருந்தும் இதைக் கவனிக்கவில்லை.

விழா நாளில் பள்ளி மைதானம் நிறைந்திருந்தது. மேடையில் தலைவர், கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா. பக்கத்தில் பிலார், செயலாளர். ஆசிரியர்கள் ஓரமாக நாற்காலியில். தனலட்சுமி எல்லாருக்கும் பின்னால், நட்டுவைத்த மாதிரி நேராக உட்கார்ந்திருந்தார். இங்கிலீஷை வாசித்து முடித்தேன். தலைவர் அம்மா புருவத்தைச் சுருக்கினார். தமிழை ஆரம்பித்தேன். நிறுத்தி, தெளிவாக, தாளில் இருந்தபடி வாசித்தேன்.

"பரீட்சை நேரத்தில் ஆசிரியர்கள் மாணவர்களுக்குக் கட்லெட் விநியோகித்ததை நான் என் கண்ணால் கண்டேன்."

சமையலறைப் பக்கமிருந்து விடுதிச் சமையல்காரி பாப்பாத்தி எழுந்துவிட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அய்யா, இந்தச் சங்கதி என்ற அடுப்படி மேல வருதுங்க. கட்லெட்டுன்னா எண்ணெயில பொரிக்கறதுதானுங்க? நா இந்த ஊட்டுல களி கெளறுனனுங்க, கொழம்பு வெச்சனுங்க. கட்லெட்டு சுட்டதே இல்லீங்க. நாளைக்கு எண்ணெய் எங்கடின்னு என்னையக் கேக்கப்படாது பாருங்க!"

"உக்காரும்மா, உன்னை யாரும் ஒண்ணும் சொல்லல," என்றார் அருளப்பன் சார்.

"சொல்லீட்டீங்களே அய்யா! மைக்குல சொன்னாங்களே!"

கூட்டம் சலசலத்தது. நடுவிலிருந்து ஒருவர் எழுந்தார். எட்டாம் வகுப்புச் செல்வியின் அப்பா, மிளகுத் தோட்டக்காரர். மகளைத் திரும்பிப் பார்த்தார். "ஏஞ்சாமி, பரிச்சையில ஒனக்குக் கட்லெட்டு குடுத்தாங்களா?"

செல்வி எழுந்து நின்றாள். "இல்லீங்கப்பா. கட்லெட்டு நா பாத்ததே இல்லீங்க."

"பொறகு என்னத்தக் குடுத்தாங்க?"

அந்தப் பெண் ஆசிரியர் வரிசையை ஒரு தடவை பார்த்தது. அப்பாவைப் பார்த்தது. ஊர் முன்னால் அப்பா கேட்டுவிட்டார், பதில் சொல்லாமல் உட்கார முடியாது. "பிட்டுதாங்கப்பா குடுத்தாங்க. தனலட்சுமி டீச்சரு மட்டும் குடுக்கல," என்றது.

பிலார் என் கையைப் பிடித்து, என்ன நடக்கிறது என்று கேட்டார். காதில் சொன்னேன். அந்த அம்மாவின் முகம் மிளகாய்ப் பழமாகிவிட்டது. தலைவர் அம்மா என் பக்கம் திரும்பினார்.

"இந்த அம்மா உண்மையில என்னதான் எழுதியிருக்காங்க? இது யாரோட மொழிபெயர்ப்பு?"

"கையெழுத்து செயலாளரோடதுங்க. நான் டைப் அடிச்சேன், வாசிச்சேன். என்னோட மொழிபெயர்ப்பு பையில இருக்குதுங்க. கேட்டா வாசிக்கறேன்."

"வாசிங்க."

வாசித்தேன். இங்கிலீஷிலும் தமிழிலும். பரீட்சையில் ஆசிரியர்களே பிட் கொடுத்தார்கள். ஒரு டீச்சர் மட்டும் கறார். அவர் பாடத்தில் பாதிப் பேர் ஃபெயில், மீதிப் பேர் சொந்தமாக விழுந்து விழுந்து படித்துத் தேறியவர்கள். அடிக்காமல் படிக்க வைக்கத் தெரிந்தவர். இங்கே நான் பார்த்த ஒரே உண்மையான ஆசிரியை. அத்தனை வருட ஆத்திரத்தில் உரக்கவே வாசித்தேன்.

அருளப்பன் சார் எழுந்து, "பாதிப் பேரை ஃபெயிலாக்கறது ஒரு பெருமையாம்மா? பெத்தவங்களைக் கேளுங்க," என்றார்.

செல்வியின் அப்பா இன்னும் உட்காரவில்லை. "கேளுங்கய்யா, சொல்றேன். எம்புள்ள கணக்குல ஃபெயிலுங்க. மத்ததுலெல்லாம் பாஸுங்க. இன்னைக்குத்தான் தெரியுது, அந்த ஃபெயிலு ஒண்ணுதான் அவ எழுதுனது. அந்த டீச்சர அனுப்பறதா இருந்தா எம்புள்ளைய நா இப்பவே கூட்டீட்டுப் போயர்றேன்."

"எங்க புள்ளைங்களையுந்தான்," என்று பின்னாலிருந்து குரல்கள் எழுந்தன. தனலட்சுமி டீச்சர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

தனலட்சுமி போகவில்லை. தலைவர் அம்மா அங்கேயே மைக்கில் சொல்லிவிட்டார். அந்த வருட முழுஆண்டுப் பரீட்சையில் பிட் கிடையாது. மார்க் அட்டைகள் ஸ்பெயினுக்குப் போனபோது பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு குடும்பம்கூட உதவியை நிறுத்தவில்லை. சேந்தமங்கலத்தில் பயந்து செத்ததெல்லாம் வீண்.

மறுநாள் அருளப்பன் சார் என்னைக் கூப்பிட்டார். அளவுகோல் மேசைமேல் கிடந்தது. "சபையில என்னை அவமானப்படுத்திட்டீங்க," என்றார்.

"நீங்க கையெழுத்துப் போட்டதை ஒரு வார்த்தை மாறாம வாசிச்சேன் சார். அதுல அவமானம் இருந்தா அது தாள்லதான் இருந்துச்சு."

"உங்களுக்கு இங்க எதிர்காலம் இருக்கும்னு நினைக்கிறீங்களா?"

"இருக்கோ இல்லையோ, இனிமே நான் மொழிபெயர்க்கற தாள்ல கையெழுத்து நான்தான் போடுவேன். கண்ணாடி கண்ணாடின்னு சொன்னீங்க. கண்ணாடிக்கும் ரசம் பூசுன ஆள் ஒருத்தர் உண்டு."

சம்பள உயர்வு வரவில்லை. ஸ்டோர் ரூம் சாவியையும் என் தலையில் கட்டி, சோப்பு எண்ண வைத்தார்கள். எண்ணினேன். ஆனால் என் பேனாவிலிருந்து போன ஒவ்வொரு தாளிலும் கீழே என் பெயர் போனது. அருளப்பன் சார் மாற்றலாகிப் போனார், வேறு இரண்டு பேர் வந்தார்கள். அந்தக் கையெழுத்தை எடுக்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

கோகுல், உன் கம்ப்யூட்டரோடு எனக்குப் பகை இல்லை. சூலேத்தாவைப் பிட் என்றே அது சொல்லக்கூடும், நல்லதுதான். தப்பாகச் சொல்கிற அன்றைக்கு எழுந்து நின்று பதில் சொல்ல ஆள் வேண்டும், அதை மட்டும் மறந்துவிடாதே. இரண்டு பக்கம் கேட்டாய், கூடிவிட்டது. சண்டை வேண்டாம் என்றாய், சண்டைதான் இருக்கிறது. இதை வெட்டி, இனிமையாக்கித்தான் மலரில் போட வேண்டும் என்று மேலிடத்தில் சொன்னால் தாராளமாகச் செய்யட்டும். ஆனால் மாற்றியவர் யாரோ அவர் தன் கையெழுத்தைப் போடட்டும். இதற்குக் கீழே இருப்பது என்னுடையது.

ஸ்டெல்லா